மைக் இல்லாத பேச்சு: மிஷிமாவோட கடைசி நாள் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பான் எழுத்தாளர் யுகியோ மிஷிமாவும் கூட இருந்த நாலு பசங்களும் மாசக்கணக்குல உக்காந்து திட்டம் போட்டிருக்காங்க. யார் எந்தக் கதவ அடைக்கணும், எந்த வார்த்தை காதுல விழுந்ததும் தளபதி மேல பாயணும், கைகால கட்டக் கயிறு, பால்கனில இருந்து தொங்கவிட பேனர், கீழ தூவ அச்சடிச்ச அறிக்கை, நெத்தில கட்டிக்க 'ஏழு பிறவி எடுத்தாலும் நாட்டுக்கே'ன்னு எழுதின வெள்ளைத் துணி, பிடிபடப் போற பசங்களுக்குக் கவர்ல போட்ட கைச்செலவுக் காசு வரைக்கும் ரெடி. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் முன்னாடி பேசப் போறாரு. மைக் மட்டும் எடுத்துட்டுப் போகல.

இந்த ஒரு விஷயம்தான் ரொம்ப நாளா என்னைக் குடைஞ்சுட்டு இருக்கு. யுகியோ மிஷிமா பத்தி யார் பேசினாலும் மூணு கேள்வில போய் நிப்பாங்க, அவர் நிஜமாவே ராணுவப் புரட்சி பண்ணப் பாத்தாரா, இல்ல பைத்தியமா, இல்ல வயித்தக் கிழிச்சுக்கிட்டு சாகணும்னு சின்ன வயசுல இருந்தே இருந்த ஆசைக்கு அரசியல் ஒரு சாக்கா. எனக்கு இந்த மூணு கேள்வியுமே கொஞ்சம் அவசரமாப் படுது. அந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு மணி வாரியா பாத்துட்டு அப்புறம் கேட்டா வேற ஒண்ணு தெரியும், அதுக்குத்தான் இத எழுதறேன். (சாவு நடந்த விதத்த விலாவாரியா எழுத மாட்டேன், அது வேணும்னு வந்தவங்க இங்கயே கிளம்பிடலாம்.)

1970 நவம்பர் 25, புதன்கிழமை. மிஷிமாவுக்கு வயசு 45. டோக்கியோல மாகோமே பகுதில வீடு. 'வளத்தின் கடல்'னு நாலு பாகமா எழுதிட்டு இருந்த நாவலோட கடைசி பாகத்துக் கடைசி தவணைய உறைல போட்டு, பதிப்பகத்துல இருந்து வர்ற எடிட்டர் கிட்ட குடுக்கச் சொல்லி வீட்ல வச்சுட்டாரு. கடைசிப் பக்கத்துல அன்னிக்குத் தேதி. எடிட்டர் வந்து சேர்றப்ப ஆள் கிளம்பியாச்சு. வாசல்ல ஒரு வெள்ளை டொயோட்டா கொரோனா, உள்ள நாலு இளைஞர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி யூனிஃபார்ம். அவர் சொந்தக் காசுல நடத்தின 'ததேனோகாய்'ங்கற குட்டிப்படையோட யூனிஃபார்ம் அது. ததேனோகாய்னா கேடயச் சங்கம்னு வச்சுக்கலாம், 1968 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ஆள் எண்ணிக்கை நூறத் தாண்டக் கூடாதுன்னு அவரே வச்ச கணக்கு.

போன இடம் இச்சிகயா முகாம், ஜப்பான் தற்காப்புப் படையோட (பேரு அப்படி, நடைமுறைல ராணுவம்தான்) கிழக்குப் பிராந்தியத் தலைமையகம். முன்கூட்டியே அப்பாயின்மென்ட் வாங்கியிருந்ததால கேட்ல யாரும் நிறுத்தல. ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச எழுத்தாளர், படைக்கு வேண்டப்பட்டவர், அவர போய் யார் சோதனை போடுவாங்க. தளபதி மஷிதா கனேதோஷி உக்கார வச்சுப் பேசறாரு. இடுப்புல வாள் இருக்கேன்னு பேச்சு வந்ததும் மிஷிமா உருவிக் காட்டறாரு, பழங்கால செகி வாள், பாக்கவே அழகு. வாளத் துடைக்கணும், கைக்குட்டை குடுன்னு ஒரு பையன் கிட்ட சொல்றாரு, அதுதான் சிக்னல். ஆனா அந்த நேரம் பாத்து தளபதி, பாவம், தானே எந்திரிச்சுப் போய் மேஜைல டிஷ்யூ பேப்பர் தேட ஆரம்பிச்சுட்டாரு. பசங்க முழிச்சுட்டு நிக்கறாங்க, அவர் திரும்ப வந்து உக்காந்ததுக்கு அப்புறம்தான் பிடிச்சுக் கட்ட முடிஞ்சுது. மொதல்ல ஏதோ விளையாட்டுன்னுதான் தளபதி நெனச்சிருக்காரு. இவ்ளோ பெரிய நாடகத்துக்கு நடுவுல இந்த டிஷ்யூ பேப்பர் விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுது, ஏன்னா அந்த ரூம்ல அந்தக் கதைக்குள்ள இல்லாத ஒரே ஆள் அவர்தான், விருந்தாளிக்கு உதவி பண்ணப் போன ஒரு வயசான மனுஷன்.

கதவுக்கு மேஜை நாற்காலி முட்டுக் குடுத்தாச்சு. சத்தம் கேட்டு அதிகாரிங்க உடைச்சுட்டு உள்ள வர, மிஷிமா வாளத் தூக்கிட்டாரு. வந்தவங்க கைல ஆயுதம் இல்ல. இந்த மோதல்ல எட்டு பேருக்குக் காயம். அப்புறம் கோரிக்கை: பதினொன்றரை மணிக்குள்ள முகாம்ல இருக்கற எல்லாரையும் கட்டடத்துக்கு முன்னாடி கூட்டணும், நான் பேசறத அமைதியாக் கேக்கணும், மறுத்தா தளபதியக் கொன்னுட்டு நானும் செத்துடுவேன்.

பன்னண்டு மணிக்கு பால்கனி. கீழ எண்ணூறுல இருந்து ஆயிரம் பேர் வரைக்கும். மேல ஹெலிகாப்டர், போலீஸ் சைரன், பத்திரிகைக்காரங்க. மிஷிமா இடுப்புல கை வச்சு நின்னு தொண்டை கிழிய கத்தறாரு. இந்த அரசியல் சாசனம் உங்களையே ஒத்துக்கல, ராணுவம் வச்சுக்கக் கூடாதுன்னு சொல்ற சாசனத்த ராணுவமே காவல் காக்கற மாதிரி கேவலம் உண்டா, நீங்க சாமுராய் இல்லையா, என்கூட யாராவது எழுந்து வருவீங்களா. கீழ இருந்து வந்த பதில் வசவு. முட்டாள், எறங்கு கீழன்னு கத்தறாங்க, எங்க ஆளுங்கள ஏன்டா வெட்டினன்னு கேக்கறாங்க. முப்பது நிமிஷம் பேசறதா இருந்தவர் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாரு. பேரரசர் வாழ்கன்னு மூணு தடவ கோஷம், உள்ள போயிட்டாரு. அங்க முறைப்படி 'செப்புக்கு', நம்ம ஊர் பத்திரிகைல ஹராகிரின்னு எழுதுவாங்களே அது. அவருக்குத் துணையா நின்ன மொரிதா மசகாட்சுவும் அவர் பின்னாடியே போயிட்டாரு, வயசு 25. மிச்சம் மூணு பேர் தளபதி கட்ட அவுத்துட்டு சரணடைஞ்சாங்க. நடந்தத நிறுத்தச் சொல்லிக் கத்தின அந்தத் தளபதி, எல்லாம் முடிஞ்சப்பறம் தானும் அஞ்சலி செலுத்தணும்னு கேட்டு உக்காந்து தலை குனிஞ்சிருக்காரு.

இதுதான் சம்பவம். இப்ப கேள்விக்கு வரலாம்.

புரட்சின்னா அதுக்கு ஒரு மறுநாள் வேணுமே

ஆட்சியப் பிடிக்க நெனக்கறவன் ரேடியோ ஸ்டேஷனப் பிடிப்பான், பிரதமர் வீட்டச் சுத்தி வளைப்பான், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச அறுப்பான். 1936 பிப்ரவரி 26ல டோக்கியோல இளம் அதிகாரிங்க கலகம் பண்ணினப்ப அமைச்சர்களக் கொன்னாங்க, நகரத்தோட நடுப்பகுதியையே நாலு நாள் பிடிச்சு வச்சாங்க. மிஷிமாவுக்கு அந்தக் கலகம் ஒரு கோயில் மாதிரி, அத வச்சு 'யூகோகு'ன்னு ஒரு சிறுகதை எழுதி, 1966ல தானே இயக்கி தானே நடிச்சுப் படமாவும் எடுத்தவர். அதனால கலகம் எப்படி நடக்கும்னு தெரியாத ஆள் இல்ல. அப்படி இருந்தும் இச்சிகயா திட்டத்துல மத்தியானம் ஒரு மணிக்கு அப்புறம் என்னங்கறதே கெடையாது. வீரர்கள் நிஜமாவே 'சரி வாங்க'ன்னு எழுந்திருந்தா எங்க போயிருப்பாங்க? பாராளுமன்றத்துக்கா? அதுக்கு ஒரு வரி ஏற்பாடு இல்ல.

அவர் தூவின அறிக்கையப் படிச்சா இன்னும் தெளிவு. நாலு வருஷம் காத்திருந்தோம், இன்னும் முப்பது நிமிஷம், கடைசி முப்பது நிமிஷம் காத்திருப்போம்னு ஒரு இடம். சேந்து எழுவோம், நியாயத்துக்காக சேந்து சாவோம்னு அடுத்து. சேந்து ஜெயிப்போம்னு இல்ல பாருங்க. சாகக் கூப்பிடற அழைப்பு அது. அந்த முப்பது நிமிஷத்தையும் அவர் குடுக்கலங்கறது தனி.

ஆள் தேர்வும் அப்படித்தான். மொதல்ல அவங்க பிடிக்கறதா இருந்தது தளபதிய இல்ல, அதே முகாம்ல இருந்த 32வது காலாட்படை ரெஜிமென்ட்டோட கமாண்டர. அன்னிக்கு அவர் ஊர்ல இருக்க மாட்டார்னு சில நாள் முன்னாடி தெரிஞ்சதும் தேதிய மாத்தல, ஆள மாத்திட்டாங்க. அந்த ரெஜிமென்ட்டோட முக்கியப் பகுதியே அன்னிக்கு ஃபுஜி மலையடிவாரத்துல பயிற்சிக்குப் போயிருந்துச்சு. பால்கனிக்குக் கீழ வந்து நின்னவங்கள்ல நிறைய பேர் தகவல் தொடர்பு, சப்ளை வேலை பாக்கறவங்க, சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டு நிறுத்தி வச்ச ஆளுங்க. யார் கேக்கறாங்கங்கறது அவருக்கு முக்கியமா இருந்திருந்தா தேதிய ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். நாவல் முடியற தேதி, சாகற தேதி, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்கறதுதான் அவருக்கு முக்கியம்னு எனக்குப் படுது.

பைத்தியம்ங்கற விளக்கமும் நிக்காது. அன்னிக்கே பிரதமர் எய்சாகு சாதோ, புத்தி பேதலிச்சுடுச்சுன்னுதான் நெனக்க முடியுதுன்னு நிருபர்கள் கிட்ட சொன்னாரு. ஆனா அந்தப் பதில மிஷிமா முன்னாடியே எழுதி வச்சுட்டாரு. அன்னிக்குக் காலைல ரெண்டு பத்திரிகையாளர்கள முகாமுக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு வரச் சொல்லி, ரெண்டு பேர் கைலயும் கவர் சேர்ற மாதிரி ஏற்பாடு பண்ணியிருந்தாரு. கடிதம், அறிக்கையோட பிரதி, போட்டோக்கள். பாக்கறவங்களுக்கு எவ்ளோதான் கிறுக்குத்தனமாத் தெரிஞ்சாலும் எங்க அளவுல இது நாட்டப் பத்தின கவலைல இருந்து மட்டும் வந்ததுன்னு அந்தக் கடிதத்துல எழுதியிருக்காரு, அறிக்கைய வெட்டாம போடுங்கன்னும் கேட்டிருக்காரு. கவனிங்க, எதிர்ல நிக்கற வீரர்களுக்கு மைக் இல்ல, நாளைக்குப் படிக்கப் போற வாசகனுக்கு மட்டும் வெட்டாத பிரதி.

அதனால என் கணிப்பு இதுதான்: கீழ நின்ன வீரர்களோட பதில் அவருக்குத் தேவைப்படவே இல்ல. 'வாங்க'ன்னு சொல்லியிருந்தாத்தான் பிளான் கெட்டிருக்கும். அவங்க கேக்காம போறதுக்கும் திட்டத்துல இடம் இருந்துச்சு, கேட்டு எழுந்து வர்றதுக்கு இல்ல.

ஆள் யாரு

பொறந்தது 1925 ஜனவரி 14, நிஜப் பேரு கிமிதாகே ஹிராஓகா. பேரரசர் ஹிரோஹிதோ ஆண்ட காலத்துக்குப் பேரு ஷோவா சகாப்தம், அதோட வருஷக் கணக்கும் இவர் வயசும் ஒண்ணாவே ஓடும், ஷோவா 20ல இவருக்கு 20, அதாவது 1945, ஜப்பான் போர்ல தோத்த வருஷம். பொறந்து ஐம்பது நாள் ஆகறதுக்குள்ளயே அப்பாவோட அம்மா நட்சுகோ, மாடிப்படி ஆபத்துன்னு சொல்லி அம்மா கிட்ட இருந்து பிரிச்சுத் தன் ரூம்ல வச்சுக்கிட்டாங்க. நோயாளி, கோவக்காரி, பெரிய இடத்துப் பொண்ணு. பன்னண்டு வயசு வரைக்கும் பையன் அந்த நோய் வாடை அடிக்கற ரூம்லதான், ஆம்பளப் பசங்க கூட விளையாடக் கூடாது, சத்தம் வர்ற பொம்மை கூடாது. அப்பா அசுசா விவசாய அமைச்சகத்து அதிகாரி, பையன் எழுதினதக் கிழிச்சுப் போடற ரகம். அம்மாதான் மறைச்சு வச்சுப் படிச்சவங்க.

பிரபுக்கள் வீட்டுப் பசங்க படிக்கற ககுஷுஇன் பள்ளில முதல் மாணவனா வந்து 1944ல பேரரசர் கையால வெள்ளி வாட்ச் வாங்கினாரு. பதினாறு வயசுலயே ஒரு கதை இலக்கியப் பத்திரிகைல வந்தாச்சு, அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னும் சின்னப் பையன்னும் ஆசிரியர்கள் வச்ச புனைபேர்தான் யுகியோ மிஷிமா.

இப்ப வர்றதுதான் முக்கியமான இடம். 1945 பிப்ரவரில ராணுவத்துக்குக் கூப்பிட்டு ஓலை வருது. ஜலதோஷத்தோட போன ஆள ஒரு இளம் மருத்துவர் நெஞ்சுல கோளாறுன்னு தப்பாக் கணிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்பாவும் பையனும் முகாம் கேட்ட விட்டு வெளிய வந்ததும் ஓட்டமா ஓடியிருக்காங்க. அதே வருஷம் அக்டோபர்ல தங்கச்சி மிட்சுகோ டைஃபாய்டுல போயிட்டா. 1949ல வந்த 'முகமூடியின் வாக்குமூலம்' நாவல்ல இந்த ரெண்டுமே வருது, டாக்டர் கிட்ட ஏன் மிகைப்படுத்திப் பொய் சொன்னேன்னு கதாநாயகன் தன்னையே குடைவான். ஆம்பளைங்க மேல தனக்கிருக்கற ஆசைய அவ்ளோ வெளிப்படையா எழுதின நாவல் அந்தக் காலத்துல அங்க ஒரு வெடிகுண்டு, 24 வயசுல ஆள் பெரிய ஸ்டார். நிதி அமைச்சகத்து வேலைய ஒன்பது மாசத்துலயே விட்டிருந்தாரு, அதுவும் கரெக்டாப் போச்சு.

மிஷிமா பத்தி எழுதறவங்க நிறைய பேர் இந்த ஓட்டத்துல இருந்து நேரா பால்கனிக்குக் கோடு போடுவாங்க, சாவுல இருந்து தப்பிச்ச குற்ற உணர்ச்சி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வட்டியோட வந்துச்சுன்னு. ஓரளவு சரிதான். ஆனா நடுவுல ஒரு முழு வாழ்க்கை இருக்குங்கறத மறந்துடறாங்க. 1956ல 'பொற்கோயில்', கியோட்டோல 1950 ஜூலைல ஒரு இளம் துறவி கின்ககுஜி கோயிலக் கொளுத்தின நிஜ சம்பவத்த எடுத்து, அழகு ஒருத்தன எப்படிச் செயலிழக்க வைக்கும்னு எழுதின புத்தகம், அவர் எழுதினதுலயே எனக்கு இதுதான் முதல். முப்பதுக்கு மேல நாவல், கிட்டத்தட்ட ஐம்பது நாடகம், வார இதழ் தொடர்கதை, ஒரு கேங்ஸ்டர் படத்துல ஹீரோ, ரோஜாவக் கடிச்சுட்டு போஸ் குடுத்த போட்டோ புத்தகம். 1955ல இருந்து ஜிம், அப்புறம் கெண்டோங்கற ஜப்பான் வாள் பயிற்சி. 1958ல யோகோவோட கல்யாணம், ரெண்டு குழந்தைங்க. வேலைக்காரன் மாதிரி ராத்திரி பூரா எழுதுவாரு, கெடு தேதியத் தாண்டவே மாட்டாருன்னு எடிட்டர்கள் மத்தில பேரு. சாகற அன்னிக்கும் தாண்டல.

ரெண்டு வழக்கு

இங்க கொஞ்சம் ஒதுங்கி ஒரு விஷயம் சொல்லணும், ஜப்பான் சட்டக் கல்லூரில படிக்கறவங்களுக்கு மிஷிமா பேரு தெரியறது பால்கனியால மட்டும் இல்ல. 1960ல 'விருந்துக்குப் பின்'னு ஒரு நாவல். முன்னாள் வெளியுறவு அமைச்சர் அரிதா ஹச்சிரோ டோக்கியோ கவர்னர் தேர்தல்ல நின்னு தோத்தாரு, அவர் மனைவி பெரிய உணவகம் நடத்தினவங்க, தேர்தல் செலவுக்கு அலைஞ்சவங்க, அப்புறம் விவாகரத்து. நாவல்ல இது அப்படியே இருக்கு, பேரு மட்டும் வேற. படுக்கையறை வரைக்கும் கற்பனை பண்ணி எழுதியிருக்காருன்னு அரிதா 1961ல கேஸ் போட்டாரு. 1964 செப்டம்பர் 28ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் எட்டு லட்சம் யென் நஷ்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு, தனிமனித அந்தரங்கம் ஒரு சட்ட உரிமைன்னு ஜப்பான்ல ஒத்துக்கிட்ட முதல் தீர்ப்பு அதுதான். 'பிரைவசி'ங்கற வார்த்தையே அந்த வழக்கால ஜப்பான் மொழில புழக்கத்துக்கு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. மேல்முறையீடு நடக்கறப்பவே அரிதா காலமாயிட்டாரு, 1966ல குடும்பத்தோட சமரசம்.

இதுக்கு ஒரு வால் இருக்கு. 1998ல மிஷிமாவோட நெருங்கிப் பழகின ஒரு எழுத்தாளர், அவரோட உறவப் பத்தி நாவல் மாதிரி ஒரு புத்தகம் எழுதி, உள்ள மிஷிமா தனக்கு எழுதின பதினஞ்சு கடிதத்த அப்படியே போட்டுட்டாரு. பிள்ளைங்க ரெண்டு பேரும் காப்பிரைட் கேஸ் போட்டு புத்தகத்த நிறுத்த வச்சாங்க. அடுத்தவன் வீட்டு அந்தரங்கத்த நாவலாக்கினதுக்குக் கோர்ட் தண்டம் போட்டவரோட வீட்டுல இருந்தே அதே வகை வழக்கு. மிஷிமா இருந்திருந்தா ரசிச்சிருப்பாரு, இல்ல ரொம்ப எரிச்சலாயிருப்பாரு, ரெண்டும் சேத்து கூட.

1966க்கு அப்புறம்

ஆள் திரும்பற இடம் 1966. 'வீர ஆவிகளின் குரல்'னு ஒரு கதைல, பேரரசருக்காகச் செத்த கமிகாஸி விமானிகளும் 1936 கலகக்காரர்களும் ஆவியா வந்து, பேரரசரே நீங்க ஏன் மனுஷன் ஆனீங்கன்னு அழுவாங்க. 1946 புத்தாண்டு அன்னிக்கு ஹிரோஹிதோ தான் தெய்வம் இல்லன்னு அறிவிச்சாரே, அதத்தான் கேக்கறாங்க. வலதுசாரிகளுக்கே இது சங்கடம், பேரரசரயே குத்தம் சொல்ற பேரரச பக்தன எங்க வைக்கறதுன்னு தெரியல. 1967 ஏப்ரல்ல தன் நிஜப் பேர்ல தற்காப்புப் படைல சேந்து 46 நாள் பயிற்சி, ஓடறது, பாராசூட் கோபுரம், எல்லாம் 42 வயசுல.

அதே வருஷம் இலையுதிர் காலத்துல இந்திய அரசு அழைச்சு இங்க வந்தாரு. அஜந்தா பாத்தாரு, காசிக்குப் போனாரு. நாலு பாக நாவலோட மூணாவது பாகத்துல ஹோண்டாங்கற வக்கீல் காசில சிதை எரியறதப் பாக்கற அத்தியாயம் இதுல இருந்து வந்ததுதான். மறுபிறவியப் பத்தி நாலு பாகம் எழுதற ஒரு ஜப்பான்காரர் கங்கைக் கரையில நிக்கறாரு, பயமும் இருக்கு, சிரிப்பும் இருக்கு, தான் கட்டி வச்ச அழகெல்லாம் அங்க ஒண்ணும் இல்லாம போற மாதிரி ஒரு நடுக்கமும் இருக்கு. நம்ம ஆளுங்க காசியப் பத்தி எழுதினதுல கூட அவ்ளோ நடுக்கத்த நான் படிச்சதில்ல.

1968ல நோபல் அவருக்குத்தான் வரும்னு ஊரே பேசிச்சு, வந்தது அவர் குரு கவாபட்டாவுக்கு. 1969 மே 13ல டோக்கியோ பல்கலைக்கழக இடதுசாரி மாணவர்கள் கூப்பிட்ட கூட்டத்துக்குத் தனியாப் போய் ஆயிரம் பேர் நடுவுல சிகரெட் பிடிச்சுட்டு மணிக்கணக்குல வாதம் பண்ணினாரு, நீங்க 'பேரரசர்'னு ஒரு வார்த்தை சொன்னா நான் உங்களோட கை கோத்துக்குவேன்னு சொன்னது அங்கதான். சண்டை இல்ல, பரஸ்பரம் கேலி, மரியாதை, சிரிப்பு. அந்தப் படப்பதிவப் பாருங்க, அவ்ளோ நல்லா எதிராளி பேசறதக் காது குடுத்துக் கேக்கற மனுஷன். பதினெட்டு மாசத்துல அதே மனுஷன் பால்கனில யாரையும் கேக்கல. அங்க மைக் இருந்துச்சு, இங்க இல்ல.

அதே 1969லயே அக்டோபர் 21, போர் எதிர்ப்பு தினம். கலவரம் பெருசாகும், போலீஸால முடியாது, படைய எறக்குவாங்க, அப்ப நம்ம கேடயச் சங்கம் முன்னாடி நின்னு சாகலாம்னு அவர் கணக்கு. போலீஸே அடக்கிடுச்சு. இனிமே சாசனத்த மாத்தற வாய்ப்பே போச்சுன்னு அறிக்கைலயும் இந்தத் தேதியத்தான் குறிப்பிடறாரு. 1970 ஜூலைல ஒரு நாளிதழ்ல எழுதினாரு, ஜப்பான் காணாமப் போய் அந்த இடத்துல உயிரில்லாத, வெறுமையான, நிறமே இல்லாத, ஆனா பணக்கார, கெட்டிக்காரப் பொருளாதார வல்லரசு ஒண்ணு தூரக்கிழக்கு மூலைல மிச்சமிருக்கும்னு. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர தீர்க்கதரிசின்னு கொண்டாடறவங்க இன்னிக்கும் இருக்காங்க. நவம்பர்ல இகெபுகுரோல ஒரு பெரிய கடைல தன் வாழ்க்கையக் கண்காட்சியா வச்சாரு, எழுத்து, நாடகம், உடம்பு, செயல்னு நாலு நதி. அது முடிஞ்சு எட்டு நாள்ல இச்சிகயா. எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டாரு, கதைல, படத்துல, போட்டோல. சொன்னவர் எழுத்தாளர்ங்கறதால யாரும் நம்பல.

மிச்சம் இருந்தவங்க

மிஷிமாவ விட எனக்கு மனசுல நிக்கறது மொரிதா. 1945 ஜூலை 25ல யோக்கைச்சில பொறந்தவர், மசகாட்சுன்னு எழுதற எழுத்துக்கு அர்த்தம் 'நிச்சய வெற்றி'. மூணு வாரத்துல நாடு சரணடைஞ்சாச்சு. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, வசேதா பல்கலைக்கழக மாணவர், மிஷிமாவுக்காக உயிரக் குடுப்பேன்னு சொன்ன பையன், சொன்னபடி செஞ்சுட்டாரு. மிஷிமாதான் அவரக் கூட்டிட்டுப் போனாரா, இல்ல தயங்கின மிஷிமாவ அவர்தான் தள்ளினாரான்னு இன்னிக்கும் வாதம் உண்டு. யார் தள்ளியிருந்தாலும் ஒருத்தருக்கு 45, உலகப் புகழ், முடிச்சு வச்ச நாவல். இன்னொருத்தருக்கு 25, கைல ஒண்ணும் இல்ல. பெரியவர் 'வேணாம்டா'ன்னு சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவர் எழுத்து மேல எனக்கு எவ்ளோ மரியாதை இருந்தாலும் இந்த இடத்துல மன்னிக்க மனசு வரல.

உயிரோட இருந்த மூணு பேருக்கும் மிஷிமா உத்தரவே எழுதிக் குடுத்திருந்தாரு, சாகக் கூடாது, கோர்ட்ல நின்னு நம்ம நோக்கத்தச் சொல்லணும்னு. 1972 ஏப்ரல் 27ல தீர்ப்பு, ஆளுக்கு நாலு வருஷம். ஆள அடைச்சு வச்சது, காயப்படுத்தினது இதோட, சாகறவர் கேட்டுக்கிட்டதால செஞ்ச கொலைன்னு ஒரு பிரிவும் அதுல உண்டு. சடங்குல உதவறதுன்னு அவங்க சொன்னத சட்டம் அப்படித்தான் கூப்பிட்டுச்சு. தளபதி மஷிதா அந்த டிசம்பர்லயே பதவிய விட்டாரு, 1973ல காலமானாரு. 1971 ஜனவரி 24ல ட்சுகிஜி ஹோங்கன்ஜி கோயில்ல நடந்த இறுதிச் சடங்குக்கு எட்டாயிரம் பேருக்கு மேல, தலைமை கவாபட்டா. 1972 ஏப்ரல்ல கவாபட்டாவும் கேஸ் விஷவாயுல போயிட்டாரு, தற்கொலையா விபத்தான்னு முடிவா யாரும் சொல்லல.

யோகோ அம்மாவப் பத்தி யாரும் பெருசா எழுதறதில்ல. 'யூகோகு' படப் பிரதிகள அழிக்கச் சொன்னவங்க அவங்கதான், புருஷன் அதுல நடிச்சுக் காட்டின சாவ நிஜத்துலயும் பாத்தப்பறம் எந்தப் பொண்டாட்டிதான் விட்டு வைப்பா. ஆனா நெகடிவ அழிக்காம வீட்டுலயே ஒரு தேயிலைப் பெட்டில இருந்திருக்கு, அவங்க 1995ல காலமாகி பத்து வருஷம் கழிச்சு 2005லதான் வெளிய தெரிஞ்சுது. 1985ல ஒரு அமெரிக்க இயக்குநர் மிஷிமா வாழ்க்கையப் படமா எடுத்தப்ப ஜப்பான் தியேட்டருக்கே அது வரல, குடும்பத்தோட எதிர்ப்பும் வலதுசாரி மிரட்டலும் சேந்து. இன்னொண்ணு, 1977 மார்ச்சுல பெருமுதலாளிகள் கூட்டமைப்பான கெய்தான்ரென் கட்டடத்துக்குள்ள நாலு வலதுசாரிங்க துப்பாக்கியோட புகுந்து ஆளுங்களப் பிணையாப் பிடிச்சாங்க, அதுல முன்னாள் கேடயச் சங்கத்துக்காரங்களும் உண்டு. மணிக்கணக்குல இழுத்துச்சு. கடைசில அவங்கள சரணடைய வச்சது போலீஸ் இல்ல, யோகோ. அவங்க பேசி ஒத்துக்க வச்சாங்க. புருஷன் ஆயிரம் பேர் கிட்ட கத்தி ஒருத்தரும் கேக்கல, இவங்க பேசினதக் கேட்டுத் துப்பாக்கியக் கீழ வச்சிருக்காங்க.

மத்தபடி மிஷிமா வியாபாரம் ஓடிட்டுத்தான் இருக்கு. 1988ல இருந்து அவர் பேர்ல இலக்கியப் பரிசு, யமனகா ஏரிக்கரையில அருங்காட்சியகம், நவம்பர் 25 வந்தா வலதுசாரிகளோட நினைவுக் கூட்டம். 1968ல ஒரு வார இதழுக்காக விளையாட்டா எழுதின 'உயிர் விற்பனைக்கு' 2015 வாக்குல திடீர்னு ஜப்பான் புத்தகக் கடைல குவிஞ்சு வித்துச்சு, தற்கொலை முயற்சில பிழைச்ச ஒருத்தன் பேப்பர்ல விளம்பரம் குடுத்து உயிர விக்கறான், வாங்க வர்றவன் எல்லாம் சாகறான், இவன் மட்டும் சாகல, கடைசில உயிர் மேல ஆசை வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நடுங்கிட்டு உக்காந்திருப்பான். சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதினது.

அன்னிக்குக் காலைல உறைல போட்டு வச்ச அந்தக் கடைசிப் பக்கம் என்னன்னு சொல்லல இல்ல. எண்பது வயசான ஹோண்டா, அறுபது வருஷத்துக்கு முன்னாடி செத்த நண்பன் கியோஅக்கியோட காதலி சதோகோவப் பாக்க மலை மேல மடத்துக்கு ஏறிப் போறான், அவ இப்ப மடத் தலைவி. கியோஅக்கியா, அப்படி ஒருத்தர எனக்குத் தெரியவே தெரியாதேன்னு அவ சாந்தமாச் சொல்றா. நாலு பாகமா நாம படிச்ச காதலே நடக்கலயோன்னு ஆயிடுது. அப்புறம் ஒரு தோட்டம், வெயில், சிள்வண்டு சத்தம், வேற யாரும் இல்ல, எதுவும் இல்ல. அத எழுதி முடிச்சு உறைய ஒட்டிட்டுத்தான் அந்த மனுஷன் யூனிஃபார்ம் பட்டனப் போட்டுட்டுக் கார்ல ஏறியிருக்காரு.

இச்சிகயால இப்ப பாதுகாப்பு அமைச்சகம் இருக்கு. பழைய கட்டடத்துல ஒரு பகுதிய மட்டும் இடம் மாத்தி நினைவகமா வச்சிருக்காங்க, முன்பதிவு பண்ணினா சுத்திக் காட்டுவாங்க. போர்க்குற்ற வழக்கு நடந்து போர்க்காலப் பிரதமர் தோஜோவுக்குத் தூக்குத் தீர்ப்பு படிச்ச ஹாலும் அதுக்குள்ளதான் இருக்கு. மேல மாடில அந்த ரூம். கதவு மரத்துல வாள் பட்ட தழும்பு அப்படியே இருக்கு, உள்ள வரப் பாத்தவங்கள நோக்கி அவர் வீசினது.